நோயாளி ஒன்று

பிள்ளையார்பாளையத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கரியைத் தவிர வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. அக்கா மகன் உதயகுமாருக்கு, தம்பி சிவபாலன் மகள் கீர்த்தியை நிச்சயம் பண்ணிப் பூ வைக்கப் போகிறார்கள். முறைப்பெண், பக்கத்துத் தெரு, கேட்பானேன்! நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும். அதற்குள் தட்டெல்லாம் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அதே வாரம்தான் சங்கரிக்கு விருது வேறு அறிவித்திருந்தார்கள். பெங்களூரில் முப்பது வருஷமாக உயிர்வேதியியல் ஆராய்ச்சி. தின்றது உடம்புக்குள் எப்படி எரிகிறது என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அவள் எழுதிய ஒரு கட்டுரையை உலகம் முழுக்க ஆயிரத்து நானூறு பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்களாம். சிவபாலன் அதைத் தெருமுனை டீக்கடை வரைக்கும் தம்பட்டம் அடித்துவிட்டான். சங்கரிக்கோ ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை, பெருமையும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது.

அக்கா வடிவாம்பாள் பூச்சரத்தைச் சுருட்டித் தட்டில் வைத்தபடி கேட்டாள்.

"ஏண்டி, ஆயிரத்து நானூறு பேரு எடுத்துப் போட்டுக்கினாங்கன்னு தம்பி சொல்றான். அப்படி இன்னாதான்டி எழுதினே?"

பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. முன்னாலேயே கேட்டிருந்தால் மட்டும் சொல்லிக் கிழித்திருப்பாளா? மாட்டாள்.

அந்தக் கட்டுரை வடிவாம்பாளின் மகள் சங்கீதாவைப் பற்றியது. நாலு வயசு. காய்ச்சலில் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்து, தூங்கினவள் கண்ணே திறக்கவில்லை. சாப்பாடு இல்லாதபோது உடம்பு தன் கொழுப்பை எரித்துத் தாக்குப்பிடிக்கும். அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அது முடியாது. ஆஸ்பத்திரியில் அவள் தோலிலிருந்து கடுகளவு எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, பழுது எங்கே என்று கண்டுபிடித்தாள் சங்கரி. அப்பனிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒரே பழுது இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் அந்த நோய். அப்பன் யார்? கலியாணசுந்தரம், வடிவாம்பாளின் சொந்தத் தாய்மாமன்.

சொல்லத்தான் அப்போது ஊருக்கு வந்தாள். மாமா தறியில் உட்கார்ந்திருந்தார், நெய்யவில்லை. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நீங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டதால்தான் என்று எந்த வாயால் சொல்வது? "காய்ச்சல்தான்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அப்புறம் டோக்கியோவில் சொன்னாள், பாரிஸில் சொன்னாள், திரையில் படம் போட்டுச் சொன்னாள். பாவி, பிள்ளையார்பாளையத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை. மாமாவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

"சங்கீதாவப் பத்திக்கா," என்றாள் சங்கரி.

வடிவாம்பாளின் கை பூவோடு அப்படியே நின்றது.

சங்கரி எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பெடுக்கிற குரலிலேயே சொன்னாள். வேறு குரல் வரவில்லை. உதயாவுக்கும் அந்தப் பழுது இருக்கலாம், தம்பி வழியாகக் கீர்த்திக்கும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். ஒருத்தருக்கு இல்லையென்றாலே போதும், தாராளமாகக் கல்யாணம் பண்ணலாம். பார்க்காமல் மட்டும் பூ வைக்க வேண்டாம்.

வடிவாம்பாள் கத்தவில்லை. கத்தித் தொலைத்திருந்தால் தேவலை.

"மாமா சாகற வரைக்கும் என்னியத்தான்டி குத்தம் சொல்லிக்கினு இருந்தாரு. ரெண்டு வாய் சோறு பலவந்தமா ஊட்டி இருந்தா புள்ள பொழச்சிருக்கும்னு. நானும் ஆமான்னு நெனச்சிக்கினு இருக்கேன், இன்னி வரைக்கும்." புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆயிரத்து நானூறு பேருக்குத் தெரிஞ்சிருக்குது. பெத்தவளுக்குத் தெரியல."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் சங்கரி தட்டின் ஓரத்தில் கிடந்த காம்பைப் பொறுக்கினாள்.

"எடு அந்தத் தட்ட. தம்பி வூட்டுக்கு நானும் வரேன். இத நீதான் சொல்லணும், உன் வாயால சொல்லணும்."

சங்கரி பூத்தட்டை எடுத்தாள். வாசற்படி வரைக்கும் போன வடிவாம்பாள் திரும்பினாள்.

"அதுல அவ பேரு போட்டியா?"

"பேரு போடக் கூடாதுக்கா. நோயாளி ஒண்ணுன்னு போட்டிருக்கேன்."

"ரெண்டாவது யாரு?"

"ரெண்டாவது கெடையாது. அவ ஒருத்திதான்."

"அப்ப எதுக்குடி ஒண்ணுன்னு நம்பர் போட்டே? நம்ம வூட்ல இன்னொன்னு வரும்னு இடம் உட்டு வெச்சியா?"

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சங்கரிக்கு வலித்தது. வடிவாம்பாள் அதற்குள் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.