பனைமரத்தடி எறும்பு

எளாவூர் செக்போஸ்டில் வந்து நிற்கும் லாரிகளிலிருந்து சோதனைக்காக மூட்டைகளை இறக்குவது, சோதனை முடிந்ததும் அதே மூட்டைகளைத் திரும்ப ஏற்றுவது, இதுதான் அரசப்பனின் பிழைப்பு. சுமப்பது முதுகு என்றாலும் தாங்குவது கால். அந்தக் காலின் கட்டைவிரலில் லாரிப் பலகையின் ஆணி குத்தி, மழைக்காலம் போய் அறுப்பும் முடிந்துவிட்டது, புண் மட்டும் ஆறவில்லை. கட்டு அவிழ்த்தால் ஈ வந்துவிடும். மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டியபோது, உடம்பில் சர்க்கரை இருக்கிறது, இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அரசப்பன் நம்பவில்லை. ரேஷன் சர்க்கரைக்கு வரிசையில் நின்று வெறும் பையோடு திரும்புகிற காலம் அது.

"ஊட்ல இல்லாத சக்கரை ஒடம்புல எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்று கேட்டான்.

பெண்டாட்டி கங்கம்மா அவன் கையைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் இழுத்துப்போனாள். அவன் வழக்கமாக ஒதுங்குகிற பனைமரத்தடியில் கறுப்பெறும்பு சாரை பிடித்துப் போய்க்கொண்டிருந்தது.

"பாருய்யா, உனுக்கு விருந்தாளிங்க வந்துகீறாங்க" என்றாள்.

அந்த அறுபத்தெட்டாம் வருஷம், கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன மருந்தகத்துக்குச் சனிக்கிழமைதோறும் டாக்டர் ஸத்யபாமா வந்துகொண்டிருந்தார். சிறுகுறிஞ்சான் இலைப் பொடி சர்க்கரை வியாதிக்குக் கேட்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. வேலியில் படருகிற கொடியை நம்பி எவன் வருவான் என்று கம்பவுண்டர் மோசஸே முதலில் சிரித்தாராம். விரல் போகப்போகிறவர்கள் வந்தார்கள். அரசப்பனும் போனான்.

வருகிறவர்கள் காலையில் பிடித்த மூத்திரத்தைப் பாட்டிலில் கொண்டுவர வேண்டும். மோசஸ் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் எக்கச்சக்கம். முதல் நாள் அரசப்பனுடையது சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்போல வந்தது.

ஸத்யபாமா திருவள்ளூர் கோயில் தெருவில் பிறந்தவர். அப்படிப்பட்டவர் மூட்டை தூக்குகிறவனின் காலை மடியில் துண்டு விரித்து வைத்துக்கொண்டு சீழைத் துடைத்தபோது, அரசப்பன் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

"வேணாம் டாக்டரம்மா. நாறும்."

"நாறினா என் மூக்குதானே. காலைக் குடுங்கோ."

அன்றோடு அவன் அந்தம்மாவுக்கு அடிமையாகிவிட்டான். கசக்கிற பொடியை ஒரு வேளை விடாமல் போட்டுக்கொண்டான். அதில் ஒரு பேஜாரு இருந்தது. பொடி நாக்கில் பட்டால் பிறகு கொஞ்ச நேரத்துக்கு வெல்லமும் மண்ணும் ஒன்றுதான். டீக்கடையில் சுப்பிரமணியிடம், "இன்னா நைனா, சக்கரையே போடலியா?" என்று சண்டைக்குப் போய் அசடு வழிந்திருக்கிறான்.

வீட்டில் கங்கம்மா வேறொரு காவல் போட்டாள். யாராவது அதிரசமோ பொரிவிளங்காய் உருண்டையோ கொடுத்தனுப்பினால், அவன் கண்ணில் படுவதற்கு முன் தானே தின்று தீர்த்துவிடுவாள்.

"எனுக்கு ஒரு விள்ளல்கூட வைக்கலியா?"

"வெச்சா நீ துன்னுவ. அதான் நானே துன்னுட்டேன். உனுக்கோசரம் நான் எவ்ளோ கஷ்டப்படறேன் பாரு."

செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. விரலில் ரோஜா நிறத்தில் புதுத் தோல் ஓரம் கட்டியது. அந்தச் சனிக்கிழமை டாக்டரம்மா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரம் மெட்ராஸ்லேர்ந்து பெரிய டாக்டர் வரார். இது நடக்கலாமா, நிறுத்தணுமான்னு அவர்தான் சொல்லணும். நீங்க எனக்கு நீலத்தைக் காட்டணும் அரசப்பன்" என்றார். குழந்தை மாதிரி சிரித்தார்.

வியாழக்கிழமை மச்சினன் வீட்டில் காதுகுத்து. பந்தியில் பாயசம். பொடி போட்டுக்கொண்டு போனால் பாயசம் கஞ்சியாகிவிடும் என்று முதல் நாளே பொடியை நிறுத்தியிருந்தான் அரசப்பன். இலை இலையாகப் பரிமாறிக்கொண்டு போன கங்கம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று முறை வாங்கிக் குடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை பனைமரத்தடிக்குப் பழைய விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை காலி டானிக் பாட்டிலோடு அடுப்படியில் வந்து நின்றான்.

"ஏம்மே... உன்னுது கொஞ்சம் குடேன்."

"எத்த?"

பாட்டிலை நீட்டினான்.

"த்தூ. இத்தக் கேக்கறதுக்கு ஒரு வாய். புடவ கேட்டா தர மாட்டான், மூத்தரம் கேக்க வந்துட்டான்."

"அந்தம்மா மூஞ்சி சுருங்கிடும்மே. என் கால மடியில வெச்சி தொடச்ச பொண்ணு. பெரிய டாக்டர் முன்னால அது தல குனிய வேணாம். நீதான் கல்லு மாதிரி கீற, உனுக்கு இன்னா வியாதி?"

கங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு தட்டி மறைவுக்குப் போனாள்.

மருந்தகத்தில் பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா அரசப்பனின் பாட்டிலைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார். மோசஸ் குழாயை நெருப்பில் காட்டினார். நீலம் கலங்கியது. பச்சை வந்தது, நிற்கவில்லை. மஞ்சளும் நிற்கவில்லை. செங்கல் நிறம் வந்து அடியில் படிந்தது.

டாக்டரம்மாவின் முகத்தை அரசப்பன் பார்க்கவில்லை. குழாயையே பார்த்தான். பாட்டிலில் பழைய டானிக் ஒட்டியிருந்ததோ? அவனே சுடுதண்ணீர் விட்டுக் கழுவியது. பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இந்தக் கோடையில் தண்ணீர்ப்பானை சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. அவள் ரவிக்கை தொளதொளத்துப்போனது. தட்டி மறைவில் எறும்பைப் பார்த்து, யாரோ வெல்லப்பானை கழுவிய தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள் என்று அவனே மண்ணைத் தள்ளி மூடினான்.

"இலை வேலை செய்யறதா தெரியலையே" என்றார் பெரிய டாக்டர்.

வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அரசப்பனின் மானம் தப்பியிருக்கும்.

"இது என்னுது இல்ல சார்" என்றான். "என் பொஞ்சாதியுது."

மோசஸின் கை அப்படியே நின்றது. அரசப்பன் பாயசத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் வரிசையில் இருந்த மூன்று பேர் தங்கள் பாட்டிலைச் சத்தமில்லாமல் எடுத்து வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்கள். பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஜெயிக்கணும்னு யார் கேட்டா உங்களை? இந்த இலை கேக்கறதா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் வரேன். கேக்கலேன்னாலும் அது எனக்குத் தெரியணும். பொய் நீலத்தைப் பார்த்து இன்னும் நூறு பேருக்கு இதைக் குடுத்தேன்னா, அவா கால் போனா யார் பொறுப்பு?"

மூக்குக்கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறியது.

"நிறுத்த வேண்டாம்" என்றார் பெரிய டாக்டர். "முதல்லேர்ந்து ஆரம்பிங்கோ. இனிமே பாட்டில் வெளியிலேர்ந்து வரக் கூடாது. இங்கேயே பிடிக்கட்டும்."

அரசப்பன் போகாமல் நின்றான். "என்னிய திட்டு டாக்டரம்மா, வாங்கிக்கிறேன். அவளுக்கு இன்னா பண்றதுன்னு சொல்லு."

டாக்டரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமையே அழைச்சிண்டு வாங்கோ. பொடியை மட்டும் நம்பி விட மாட்டேன். ஊசி வேணும்னா ஊசிதான். ரெண்டு பேரும் வரணும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கங்கம்மா நம்பவில்லை. அவன் அவள் கையைப் பிடித்துத் தட்டி மறைவுக்கு இழுத்துப்போனான். எறும்பு போய்க்கொண்டிருந்தது. அவள் அங்கேயே குந்திவிட்டாள்.

"உன் பங்க நான் துன்னதாலயா?"

"முன்னாடியே உள்ள இருந்திருக்கும்னு டாக்டரம்மா சொல்லிச்சி. நான்தான் கவனிக்கல."

"நீ எத்தத்தான் கவனிச்ச" என்றாள். கண்ணைப் புடவைத் தலைப்பால் அழுத்திக்கொண்டாள். தலைப்பை உதறிவிட்டு, "அந்தப் பொடி எப்டிகீது, காட்டு" என்றாள்.

உள்ளேயிருந்து பொடியை எடுத்துவந்து, ஒரு சிட்டிகையை அவள் நாக்கில் வைத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே மென்றாள். உள்ளே போய், உறியில் ஒளித்து வைத்திருந்த வெல்லத் துண்டை அவளே எடுத்துவந்து, நுனியைக் கடித்துப் பார்த்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மண்ணுய்யா."

"ஆமா."

"இத்தையா இவ்ளோ நாளா துன்னுகினு கெடந்த? ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ அழுவ."

"அழுவறேன் இப்ப" என்றாள். மிச்ச வெல்லத்தைச் சாரைக்கு நடுவே போட்டாள். "இதுங்களாவது துன்னட்டும். திங்கக்கிழமலேர்ந்து இதுங்களுக்கும் பட்டினிதான்."