இஸ்திரி அறைக்குப் போக மாட்டேன்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு ஈரப் பக்கம் வேலை. மெஷினிலிருந்து நனைந்த போர்வைகளை வாரித் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் எனக்குக் கொஞ்சம் மூத்திரம் கசிந்துவிடும். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த இழவு. இருமினால் போச்சு, தும்மினால் போச்சு, யாராவது நல்ல ஜோக் சொன்னால் சுத்தம். ஆகவே காலையில் வந்ததும் முதல் காரியமாக ஒரு மக் தண்ணீரை நானே மடியில் சாய்த்துக்கொள்வேன். அப்புறம் எது எந்த ஈரம் என்று எவன் கண்டான்?

இன்று சூப்பர்வைசர் என்னை இஸ்திரி அறைக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார். இடுப்பொடியாத வேலை, கூடுதல் சம்பளம். எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்! ஆனால் அங்கே எல்லாம் வெள்ளை, எல்லாம் காய்ந்த துணி. மடித்த துணிக்கட்டைத் தூக்கி அலமாரியில் வைப்பதற்குள் மானம் கப்பலேறிவிடும். மாட்டேன் என்றேன்.

"கொழுப்பும்மா உனக்கு. அவனவன் இதுக்குத் தவம் கிடக்கறான்."

பதினொரு வருஷமாகப் பக்கத்து மெஷினில் நிற்கும் அக்காவும் சேர்ந்துகொண்டாள். "கைக்கு வந்தத தட்டி விடறியேடி, பைத்தியமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் மூத்திரத்தையெல்லாம் துவைத்துக் கொடுக்கிறோம், அதில் யாருக்கும் கூச்சமில்லை. என்னுடையதற்கு மட்டும் நான் ஏன் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும்?

"வெயிட்டு தூக்கினா எனக்கு மூத்திரம் கசியுது சார். அதான் மாட்டேங்கறேன். போதுமா?"

மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தியதால் கூடம் முழுக்கக் கேட்டது. சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். "சாயங்காலம் யோசிச்சுச் சொல்லும்மா" என்று நழுவினார்.

அக்கா கிட்டே வந்தாள். "எனக்கும் இருந்துச்சுடி. கீழ பிசியோதெரபி மேடம் இருக்காங்கல்ல? மூத்திரத்த அடக்கற தசைய இறுக்கி இறுக்கி விடற பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. மூணு மாசத்துல முக்கால்வாசி நின்னு போச்சு."

"எப்ப?"

"அது ஆச்சு, நாலு வருஷம்."

நாலு வருஷம்! நாலடி தூரத்தில் நின்றுகொண்டு!

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"இதப் போய் எப்படிடி சொல்றது?"

அவளை அறைய வேண்டும் போலிருந்தது. நானும்தான் அவளிடம் சொல்லவில்லை என்று தோன்றியதும் கோபம் இன்னும் ஏறியது. அவள் மெஷினை நானே நிறுத்தினேன்.

"நடங்க. எந்த ரூம்னு காட்டுங்க. கூடத்துக்கே தெரிஞ்சாச்சு, இனி என்ன மறைக்கறது? போற வழியில சூப்பர்வைசர்கிட்ட, நான் இஸ்திரி வேலைக்கே வரேன்னு நீங்களே சொல்லுங்க. இப்பவாவது வாயத் திறங்க."