எலி வாடை

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, மலைச்சரிவில் உள்ள திராட்சைத் தோட்டம் ஒன்றின் நிலவறையில், தோட்டத்துச் சொந்தக்காரி ஏழாம் பீப்பாயிலிருந்து எடுத்த ஒயினைத் தரையில் துப்பினாள்.

வாயில் வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. பழ வாசனை, லேசான துவர்ப்பு, எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு மடக்கு உள்ளே இறங்கிய பிறகுதான் அது வந்தது. மாதக்கணக்கில் கழுவாத எலிக்கூண்டு. மூத்திரத்தில் ஊறிய மரத்தூள். வாயைக் கொப்பளித்தாள், போகவில்லை. ரொட்டியைக் கடித்தாள்; ரொட்டியும் எலிக்கூண்டாக மாறியது. மற்ற பீப்பாய்களையும் திறந்து பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

நிலம் அவளுடையது. கொடிகளை நட்டவளும் வருடா வருடம் கத்தரித்தவளும் அவள். பாட்டில் லேபிளில் அவள் கையெழுத்துதான் அச்சாகும். ஒயின் செய்வது மட்டும் கணவன் பொறுப்பு. காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்தவன், வரும்போது ஒரு கொள்கையையும் கொண்டுவந்தான்: ஒயின் என்பது மண் தரும் கொடை, மனிதன் அதில் கை வைக்கக் கூடாது. ஒயினைக் கெடாமல் காக்கும் கந்தகத் தூளை அந்த வருடம் அவன் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. தோட்டம் பார்க்க வருகிறவர்கள் முன்னால் குனிந்து, கொஞ்சம் மண்ணை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவான். பிறகு பல்லிடுக்கெல்லாம் கருப்பாகச் சிரிப்பான். முதல் நாள்தான் அதே வரிசையில் அவள் கோழி எரு கொட்டியிருப்பாள்.

"எலி வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றான், மூன்றாவது தடவை குடித்துப் பார்த்துவிட்டு.

விருந்தினர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் நாத்தனாரும் ஒரு கிளாஸ் குடித்தாள். "எனக்கும் தெரியல. அண்ணி, விசேஷம் ஏதாவதா? அப்பதான் வாசனையெல்லாம் தலைகீழா தெரியுமாம்."

"நாப்பத்தாறு வயசுல என்னடி விசேஷம்?"

"பின்ன? எங்க குடும்பத்துல யாருக்குமே தெரியல. உங்க காதுல மட்டும் எலி வந்து சொல்லிட்டுப் போச்சா?"

அந்த வாடை எல்லா நாக்குக்கும் பிடிபடுவதில்லை. எச்சிலில் புளிப்பு கூடுதலாக உள்ளவர்களின் வாயில் அது அடங்கியே கிடக்கும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே எச்சில். ஆனால் தோலில் தேய்த்தால் வெளியே வந்துவிடும். அவள் கணவனின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தாள்.

"இப்ப மோந்து பாருங்க."

மோந்தான். முகத்தை வெடுக்கென்று திருப்பினான். கையைக் கால்சட்டையில் துடைத்தான். பிறகு சந்தேகத்தோடு கால்சட்டையையும் மோந்து பார்த்தான்.

கொட்டிவிடலாம் என்று அவன் சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் போய் நிலவறைக் கதவைச் சாத்தினான்.

"இன்னிக்கு ஹோட்டல்காரர் வர்றாரு."

"வரட்டும். விஷயத்தச் சொல்லிடுவோம்."

"அவருக்கும் எங்க நாக்கு மாதிரி இருந்தா?"

"குடிக்கப்போறவங்க?"

"அவங்க என்ன, கையில தேய்ச்சா பாக்கப்போறாங்க?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், குளித்து, தலை சீவி, சுத்தமான சட்டை போட்டிருந்தான்.

பல ஹோட்டல்களுக்கு மது வாங்கும் அந்த மனிதர் மதியம் வந்தார். கணவன் அவருக்காக இரண்டு முறை மண் தின்றான். நிலவறையில் அவர் கிளாஸைச் சுழற்றி, மோந்து, ஒரு வாய் குடித்து விழுங்கினார். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்து அவர் உதடு கோணியது.

"மண்ணு சார்" என்றான் கணவன் அவசரமாக. "மண்ணு பேசுது."

"எலி சார்" என்றாள் அவள். "ஒயின் கெட்டுப்போச்சு. எல்லா பீப்பாயும் இப்படித்தான்."

நாத்தனார் அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். வந்தவர் சிரித்தார்.

"தெரியும்மா. இப்ப இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. சுத்தமா இருந்தா ஃபேக்டரியில செஞ்சதுன்னு ஒதுக்கிடறாங்க. கொஞ்சம் நாத்தம் இருந்தாதான் இயற்கைன்னு நம்பறாங்க." கைக்குட்டையால் நாக்கின் நுனியைத் துடைத்துக்கொண்டார். "நான் எல்லாத்தையும் எடுத்துக்கறேன். ஆனா லேபிள்ல அந்தக் கையெழுத்து வேணும். மண்ணுல வேலை செய்யற பொம்பளையோட கையெழுத்துன்னு சொல்லித்தான் விக்கணும்."

"என் கையெழுத்து இதுல வராது."

"உனக்குப் பைத்தியமா?" என்றான் கணவன். "பழம் உன்னோடதுதானே?"

"பழம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காகத்தான் சொல்றேன். என் பேரப் போட்டு இந்தக் கருமத்த எவன் வாயிலயும் ஊத்த விடமாட்டேன்."

பீப்பாய் அடைப்பு ஒன்றைக் நீள நகம் வைத்த கையில் உருட்டிக்கொண்டிருந்த நாத்தனார் தொண்டையைச் செருமினாள்.

"நான் வேணா போடறேனே. எனக்குத்தான் ஒண்ணும் தெரியலயே."

வந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நகத்த மட்டும் வெட்டிக்கம்மா" என்றார். "ஃபோட்டோ எடுக்கணும்."

ஏப்ரலில் ஒயின் பாட்டில்களில் அடைக்கப்பட்டது. லேபிளில் நாத்தனாரின் கையெழுத்து இருந்தது. ஆகஸ்டுக்குள் முழுவதும் விற்றுப்போயிற்று. யாரும் திருப்பி அனுப்பவில்லை. அடுத்து வந்த அறுவடையைத் தோட்டத்துச் சொந்தக்காரி பள்ளத்தாக்கில் இருக்கும் வேறொரு ஒயின் ஆலைக்குக் கொடுத்தாள். கணவன் வெளியிலிருந்து பழம் வாங்கி, அதே நிலவறையில் ஒயின் செய்கிறான்.