கடை திறக்கும் நேரத்து முகம்

"ஆபீசர் வந்துட்டுப் போற வரைக்கும் நீ இஸ்திரி ரூமை விட்டு வெளிய வராதே," என்றாள் மாமியார்.

மூத்த மருமகள் கண்ணாடிக் குவளை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் சோப்புத் தண்ணீர்.

"அப்போ தொட்டியை யாரு பாத்துக்கிறது அத்தை?"

"உன் கொழுந்தன் பாத்துக்குவான்."

"தம்பிக்குத் தொட்டி எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லிட்டீங்களா?"

"கிண்டல் பண்ற நேரமா இது? வர்றவர் முதல்ல யார் முகத்துல விழிக்கிறாருங்கிறது முக்கியம். நான் உன்னைத் தப்பா ஒண்ணும் சொல்லலை."

"நீங்க எங்க தப்பா சொன்னீங்க? இஸ்திரி ரூமுன்னுதானே சொன்னீங்க."

மாமியாரின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய சலவைக்கடையின் கழிவுநீர் தெருச் சாக்கடையில் நுரை பொங்க ஓடி, அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்திருந்தார்கள். புகார் கொடுத்தவர்களின் அழுக்குதான் அந்தத் தண்ணீரில் ஓடியது என்பதை யாரும் யோசிக்கவில்லை. தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, தெளிய வைத்த பிறகே வெளியே விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இன்று அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். கலங்கலாக இருந்தால் சாக்கடை வழியை அடைத்துவிட்டுப் போய்விடுவார். தண்ணீர் வெளியே போக வழியில்லாத சலவைக்கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டலாம், துணி வெளுக்க முடியாது.

மாமியாரைக் கொடுமைக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூத்த மகன் இறந்த பிறகு மருமகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். வயிறாரச் சாப்பாடு போட்டாள். காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தாள். முகத்தை மட்டும்தான் ஒளித்து வைத்தாள். புருஷனை இழந்தவள் முகத்தைக் காலையில் முதலில் பார்த்தால் வாடிக்கைக்காரர்களுக்கு மனசு சங்கடப்படும் என்பது அவள் கட்சி. ஆகவே கடையின் முன்பக்கம் இளைய மருமகளுக்கு, பின்கட்டு மூத்தவளுக்கு. தெருவில் அவளுக்குப் பெயரே 'பின்கட்டு' என்று ஆகிவிட்டது.

தொட்டி வேலை அவளிடம் வந்ததும் அப்படித்தான். நாற்றம் பிடித்த வேலையை யார் செய்வது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, "பின்கட்டுல சும்மாதானே இருக்கா," என்றான் கொழுந்தன். விடியலில் தொடங்கி அடுக்கடுக்காகத் துணி தேய்ப்பவளைத்தான் சும்மா இருப்பதாகச் சொன்னான். அழுக்கைத் திரட்டும் தூளை விற்க வந்தவர் செய்முறை காட்டியபோது ஆண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றார்கள். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

பார்வைக்கு எளிதான வேலைதான். முதலில் படிகாரக் கரைசலை விட்டு வேகமாகக் கலக்க வேண்டும். பிறகு அந்தத் தூளை நீரில் கரைத்து, கொஞ்சமாக ஊற்றி, தூங்கும் குழந்தையின் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி மெதுவாகக் கலக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மிதந்த அழுக்கெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கந்தல் பஞ்சாகத் திரண்டு அடியில் போய் உட்காரும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். எவ்வளவு தூள் என்பதுதான் சூட்சுமம். படுக்கை விரிப்பு துவைத்த தண்ணீருக்கு ஒரு அளவு, பட்டறைக்காரர்களின் எண்ணெய்த் துணிக்கு வேறு அளவு. அதனால் அவள் தினமும் குவளைகளில் சோதித்துப் பார்த்த பிறகே தொட்டியில் கை வைப்பாள்.

அதிகாரி வந்தார். வாசலில் இளைய மருமகள் வாய் வலிக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தொட்டி எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார்.

கொழுந்தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். அவன் பிறவிச் சலவைக்காரன். அழுக்கு அதிகம் என்றால் இன்னொரு கை அள்ளிப் போடு, போகவில்லை என்றால் இன்னும் பலமாக அடி என்பது அவன் தொழில் பாடம். தூள் கரைசலைத் தாராளமாகக் கவிழ்த்தான். அழுக்கு திரளத் தொடங்கிய நல்ல நேரம் பார்த்துத் துடுப்பை எடுத்துப் போட்டுத் துவைத்தான். திரண்டதெல்லாம் பயந்து சிதறியது. தண்ணீர் கஞ்சி போலக் கொழகொழவென்று நின்றது.

"தூள் ரொம்ப அதிகம். கலக்குனது அதைவிட அதிகம்," என்றார் அதிகாரி. "தினமும் நீங்கதான் செய்றீங்களா?"

"ஆமா சார்."

"அப்போ தினமும் இந்தத் தண்ணிதான் வெளிய போகுதா?"

கொழுந்தன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். ஆமாம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து.

"முனையில டீ குடிச்சிட்டு வேற ஒரு வேலையும் பாத்துட்டு வர்றேன். அதுக்குள்ள தெளியலைன்னா அடைக்கிறதைத் தவிர வேற வழியில்லை."

அவர் தலை மறைந்ததும் குடும்பமே இஸ்திரி ரூம் வாசலில் நின்றது. மூத்த மருமகள் தலையணை உறையில் ஒரு சுருக்கத்தை நீக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன்."

"வரக்கூடாதுன்னு உத்தரவு தம்பி. என் முகத்தைப் பாத்து தொட்டி கெட்டுப்போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"அது ஏற்கெனவே கெட்டுப்போச்சு அண்ணி."

மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு செய். பின்பக்கமா வந்து தொட்டிக்குப் பின்னால குனிஞ்சு உக்காந்துக்கோ. நீ மெதுவா சொல்லு, அவன் செய்யட்டும்."

"நல்லா இருக்கு," என்றார் அதுவரை வாய் திறக்காத மாமனார். "அந்த ஆளு தொட்டி பேசுதுன்னு நினைச்சுக்கப் போறாரு."

மருமகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் வர்றேன் அத்தை. ஆனா முன்பக்கமா வருவேன். அவர் முன்னாலயே நிப்பேன். நாளையிலிருந்து காலையில கடை திறக்கிறதும் நான்தான்."

"அதைச் சாயங்காலம் பேசிக்கலாமே."

"சாயங்காலம் கடை இருக்குமா?"

மாமியார் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தாள். அவன் தொட்டியைப் பார்த்தான்.

"சரி வா," என்றாள் கடைசியில். "அரசாங்க ஆளுங்களுக்கெல்லாம் அது ஒட்டாதுன்னு எங்கம்மாவே சொல்லியிருக்காங்க."

அவள் அம்மா அப்படிச் சொன்னது அந்த நிமிஷத்தில்தான்.

மூத்த மருமகள் கடைக்குள் நுழைந்து, முன்கதவு வழியாகத் தெருவில் இறங்கி, சுற்றிக்கொண்டு தொட்டிக்கு வந்தாள். கெட்டுப்போன தண்ணீரில் ஒரு குவளை மொண்டாள். அதில் பட்டறைத் துணி அலசிய புதுத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, படிகாரம் சேர்த்து, மெல்லச் சுழற்றினாள். குவளைக்குள் அழுக்கு சின்னச் சின்னப் பொரிகளாகத் திரண்டது.

"பட்டறைத் தண்ணியைத் தொட்டியில திறந்து விடுங்க மாமா."

"அழுக்குல இன்னும் அழுக்கையா?"

"தம்பி போட்ட தூளுக்கு இந்த அழுக்கு பத்தலை. அதுக்கும் வேலை வேணுமில்ல."

அதிகாரி திரும்பி வந்தபோது அவள் துடுப்பைப் பூப்போல நகர்த்திக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் கறுப்புப் பஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. தன் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அவர் தலையசைத்தார்.

"தினமும் இவங்கதான் செய்றாங்க, அப்படித்தானே? இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு ஒரு டீ மிச்சம்."

மறுநாள் காலை கடைக் கதவை மூத்த மருமகள் திறந்தாள். மாமியார் அவளுக்குப் பின்னால் நின்று, நகத்தைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். முதல் ஆளாக லாட்ஜ்காரர் பெரிய மூட்டையோடு வந்து சேர்ந்தார். வருஷக்கணக்கில் வருகிற வாடிக்கை. அவர் போனால் கடையில் பாதி போன மாதிரி.

மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தவர் புது முகத்தைப் பார்த்தார்.

"வேலைக்குப் புதுசாம்மா?"

"இல்லைங்க. இந்த வீட்டு மூத்த மருமக. உங்க விரிப்பெல்லாம் தேய்ச்சது நான்தான்."

"அப்படியா. இத்தனை வருஷமா உங்களைப் பாத்ததே இல்லையே."

"உங்களுக்காகத்தான் உள்ள இருந்தேன். காலையில என் முகத்தைப் பாத்தா உங்க மனசு சங்கடப்படுமாம்."

லாட்ஜ்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார். "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

அவள் ஒதுங்கி நின்று மாமியாருக்கு வழி விட்டாள். "அத்தை, இவர் எப்போ சொன்னாருன்னு கேக்குறாரு."

மாமியார் மூட்டையை அவிழ்த்து விரிப்புகளை எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்தாள். அவர் இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.