வாராவாரம் வயிற்றுப்போக்கு

நீலகிரி மலையில் அருவங்காடு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானசீலன், பெரிதாகப் பொய் பேசிப் பழகியவரில்லை. அறுபத்தெட்டு வயதில் ஆரம்பித்தார். அதுவும், போயும் போயும், வயிற்றுப்போக்கைப் பற்றி.

போன வருஷம் மாரடைப்பு வந்து பிழைத்தவரைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சியில் சேரச் சொன்னார்கள். கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கும் கவுட் வலிக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் கோல்ச்சிசின் மாத்திரைதான். ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழற்சியையும் அது தணிக்கிறதாம். தினம் கொஞ்சூண்டு போட்டால் இன்னொரு அட்டாக் வராமல் தடுக்குமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. "காலுக்குப் போடறதை நெஞ்சுக்குப் போடறீங்களாக்கும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மாத்திரையோடு ஜெஸிந்தாவும் வந்தாள். ஆராய்ச்சி நர்ஸ். மாதத்தின் முதல் செவ்வாய், காலை பத்து மணிக்கு போன் செய்வாள். "ஏனுங்கய்யா, மாத்திரை விடாமப் போடறீங்களா? மூச்சு வாங்குதுங்களா? மலை மேல ரொம்பக் குளுருதுங்களா?" கடைசிக் கேள்வி படிவத்தில் கிடையாது, அவளாகக் கேட்பது. மனைவி தபித்தாள் போய்ச் சேர்ந்த மூன்று வருஷத்தில், குளிருகிறதா என்று அவரைக் கேட்ட ஜீவன் அவள் ஒருத்திதான். ஓசூரிலிருக்கும் மகன் ஜெர்சன் தினமும் காலை வணக்கம் படம் அனுப்புவான். படத்துக்கு என்னத்தைப் பதில் சொல்ல?

ஒரு செவ்வாய் நிஜமாகவே வயிறு சரியில்லை. பழைய மீன்குழம்பு செய்த வேலை. சொன்னார். "இந்த மருந்துக்கு அப்படி ஆகலாங்கய்யா. இனி வாராவாரம் கூப்பிட்டுக் கேக்கறேன்" என்றாள் ஜெஸிந்தா.

வாராவாரம்! வயிறு மறுநாளே சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த செவ்வாய் மனுஷர் கூசாமல், "மூணு தடவை போச்சு, அம்மணி" என்றார். அதற்கடுத்த வாரம் நாலு. செவ்வாய் விடிந்ததும் சவரம் செய்து, நல்ல ஸ்வெட்டராகப் பார்த்து மாட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். போனில் முகமா தெரியப்போகிறது? ஐந்து வாரம் அமோகமாக ஓடியது.

ஆறாவது செவ்வாய் அவள் குரலில் சிரிப்பில்லை. "ஐயா, மாத்திரை ஒத்துக்கலைன்னு டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாருங்க. இனி நான் கூப்பிடறதில்லைங்க. ஆறு மாசத்துக்கொருக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டுனாப் போதும்."

ஞானசீலன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அம்மணி, அத்தனையும் பொய்! நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன். எழுதினதை அடிச்சிரு."

"அய்யோ, என்னங்கய்யா இது! ஒண்ணுமே பண்ணாத மருந்து மேல பழி ஏறுமேங்க! எத்தனை பேர் இதை நம்பியிருக்காங்க!" முதன்முறையாக அதட்டினாள். அவருக்கு உடம்பே கூசியது. தன்னை அதட்டவும் ஓர் ஆள் இருக்கிறதே என்று உள்ளுக்குள் இதமாகவும் இருந்தது, வெட்கக்கேடு.

பிறகு அவளே குரலைத் தணித்துக்கொண்டாள். "பொய் சொன்னவங்களைத் திரும்பச் சேர்க்க மாட்டாங்கய்யா. நடந்ததை நான் எழுதியாகணும். ஏன் அப்படிச் சொன்னீங்க? படிவத்துல காரணம் கேக்குது."

"பேச ஆளில்லைன்னு எழுது, அம்மணி."

"அதுக்கு இதுல கட்டமே இல்லீங்கய்யா" என்றாள் மெதுவாக. "'மற்றவை'ன்னு போட்டுக்கறேன்."

"போட்டுக்கோ" என்றார். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்க அவருக்கு மனசு வரவில்லை.