ரவானெத்தி எஞ்சின்களுக்கு ஒரு வரலாறு எழுதப் போய்

1

இந்தக் கதை ஒரு கடிதத்தால் வந்தது. ரவானெத்தி கார் கம்பெனி எழுதியிருந்தது: எங்கள் ஆறு சிலிண்டர் எஞ்சின் பிறந்து இந்த 2011-இல் ஐம்பது வருடம் ஆகிறது, அதன் குடும்ப வரலாற்றைப் பத்துப் பக்கத்தில் எழுதித் தர முடியுமா? மோதெனாவில் அவர்களுடைய வரைபட அறையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு மூன்று கதைகளும் வந்திருக்கின்றன. கோடும் தெரியும், வாக்கியமும் தெரியும், வேறு ஆள் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"1961-ஆம் ஆண்டு இளவேனிலில், இரண்டு லிட்டர் கொள்ளளவில் பிறந்த இந்த எஞ்சின், ஒரு பெருங்குடும்பத்தின் மூத்த —"

(நிறுத்திவிட்டேன். குடும்பம் என்று எழுதிவிட்டால் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்றும் எழுத வேண்டியிருக்கும்.)

2

எஞ்சின் குடும்பம் என்பதில் பெரிய மர்மம் இல்லை. அறுபத்தொன்றில் வந்தது மூத்தது. அதன் சிலிண்டர்களை அகலமாக்கி 2.4 லிட்டர் ஆக்கினார்கள், அது இரண்டாவது. இன்னும் இரண்டு சிலிண்டர் சேர்த்து எட்டாக்கியது மூன்றாவது. எழுபத்திரண்டில் பன்னிரண்டு சிலிண்டர் கடைக்குட்டி. ஒவ்வொன்றும் முந்தையதன் தப்பைத் திருத்திக்கொண்டு பிறக்கும். எஞ்சின்கள் அந்த விஷயத்தில் மனிதர்களைவிட மேல்.

இரண்டாவதன் தப்பு அதன் அடியில் இருந்த எண்ணெய்த் தொட்டியில். நீளமான இடது வளைவில் வேகமாகப் போனால் எண்ணெய் எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் காற்றைக் குடிக்கும். பேரிங் காய்ந்து எஞ்சின் இறுகும், பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும்.*

1967, மார்ச் 17. செர்ராமத்ஸோனி மலைச்சாலையில் இரண்டாவது எஞ்சின் வைத்த காரின் சோதனை ஓட்டம். ஓட்டியவர் நெரியோ. பக்கத்தில் மெக்கானிக் லெயார்கோ. ஒரு நீளமான இடது வளைவு. கார் கஷ்கொட்டை மரங்களுக்குள் இறங்கியது. லெயார்கோ அங்கேயே இறந்தார். தலையில் அடிபட்ட நெரியோவுக்கு எதுவும் ஞாபகமில்லை. ஐந்தாவது கியருக்குப் பதில் ஓட்டுநர் மூன்றாவதைப் போட்டதால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன என்று கம்பெனி அறிக்கை எழுதியது.

* மூன்றாவது எஞ்சினில் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்தோம். "விபத்திலிருந்து கற்ற பாடம்" என்று அந்த வரைபடத்தைக் கம்பெனி மியூசியத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். தேதி: 29 மார்ச் 1967.

3

இங்கே ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. ஃபெதோரா என்று ஒருத்தியை உண்டாக்கினேன். இருபத்திரண்டு வயது, வரைபட அறையில் புதியவள், விவரம் அறியாதவள். மேலே இருப்பவர்கள் சொன்னதை —

(இல்லை. ஃபெதோராவை நான் நம்பவில்லை. வாசகர்களே, நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். அவள் விரலில் மைக்கறை இருப்பதாக எழுதிவிட்டு என் விரலைப் பார்த்தேன். அந்தத் தகடுகளை வரைந்தது நான். என் பெயர் ஓர்னெல்லா. வரைந்து முடித்தது மார்ச் 9. விபத்துக்கு எட்டு நாள் முன்னால்.)

தொட்டியின் தப்பு கம்பெனிக்கு முன்பே தெரிந்திருந்தது. ஜெனீவா கார் கண்காட்சி முடியட்டும், பிறகு மாற்றலாம் என்று விட்டிருந்தார்கள். லெயார்கோவை அடக்கம் செய்த மறுநாள் தலைமை இன்ஜினியர் என் மேசைக்கு வந்தார். அவரைக் கொடியவராக எழுத ஆசைதான். ஆனால் அவர் முகச்சவரம் செய்யாமல், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு, நின்றுகொண்டே இருந்தார்.

"ஓர்னெல்லா, அந்த ஒன்பதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு போட்டுடும்மா."

"எதுக்கு சார்?"

"எண்பது பேர் வேலைம்மா இது."

போட்டேன். டிரேசிங் தாளில் ஒரு 2 போட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் இப்போது இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

4

ஜூன் மாதம், செர்ரி பறிக்கும் நேரத்தில், வின்யோலாவுக்கு நெரியோவைப் பார்க்கப் போனேன். விபத்துக்குப் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை. மாமனார் விட்டுப்போன தோட்டத்தோடு இருந்துவிட்டார். எழுபத்தைந்து வயதிலும் ஏணியில்தான் நின்றார்.

"என்ன ஓர்னெல்லா, கம்பெனிக்காரங்க அனுப்பினாங்களா? எனக்கும் மெடல் குடுக்கப் போறாங்களாமா?"

"கீழ இறங்குங்க, நெரியோ. ஏணில நின்னுக்கிட்டுக் கேக்கற விஷயம் இல்ல."

இறங்கினார். சொன்னேன். தொட்டி, தகடு, ஒன்பது, இருபத்தொன்பது. அவர் கேட்டுக்கொண்டே வலது கையை மட்டும் தொடையின்மேல் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். கியர் போடும் அசைவு.

"இந்தக் கைக்கு ஞாபகம் இருக்கு," என்றார். "மூணுல விழுந்தது. சத்தம்கூட கேட்டுது."

"அது அவங்க சொன்னதுக்கப்புறம் வந்த ஞாபகம்."

"நாப்பத்திநாலு வருஷமா தெனம் போடறேன் அந்த கியரை." என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் இப்ப வந்து சொல்ற?"

"எழுத உக்காந்தேன். எழுத வரல."

"ஓ. ஒன் கதைக்காக."

(இந்த வரியை இரண்டு முறை கோடு போட்டு அடித்தேன். அவர் சொன்னது அதுதான். இருக்கட்டும்.)

பிறகு அவர் கேட்டதுதான் என் கதையின் திட்டத்தையெல்லாம் கலைத்துவிட்டது.

"இயோலே ஏழு வருஷம் என் முகத்தப் பாக்கல. எழுபத்திநாலுல ஒரு நாள் வந்து, போதும் நெரியோ, மன்னிச்சுட்டேன்னா. அதுலதான் நான் எந்திரிச்சு நடந்தேன். அந்த மன்னிப்ப இப்ப என்ன பண்றது? திருப்பிக் குடுக்கவா?"

இயோலே என்பவர் லெயார்கோவின் மனைவி.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நெரியோ என்னைத் தோட்டத்தைவிட்டுத் துரத்துகிறார். எனக்கு வசதியான முடிவு, தண்டனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இன்னொன்றில், இயோலேவுக்குச் சொல்ல வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொள்கிறோம். அதை எழுதும்போது என் எழுத்து அழகாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன். மூன்றாவதில் கம்பெனி மன்னிப்புக் கடிதம் அனுப்புகிற—

நடந்ததைச் சொல்கிறேன்.

"சாயங்காலம் அவ வருவா," என்றார் நெரியோ. "செர்ரி பொறுக்கித் தர. நீயே சொல்லு. நான் சொன்னா, தப்பிச்சுக்கப் பாக்கறேன்னு ஆயிடும்."

6

இயோலே வந்தார். கூடையை வைத்துவிட்டு, நல்லது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரிக்கத் தொடங்கினார். எதிரே உட்கார்ந்து அதே விஷயத்தை இரண்டாம் முறை சொன்னேன். இந்த முறை சுருக்கமாக வந்தது. அவர் விரல்கள் நிற்கவில்லை.

"அடக்கத்துக்கு மறுநாள் சாயங்காலம் நீ என் வீட்டுக்குக் கோழி சூப் கொண்டு வந்த."

"ஆமா."

"பிள்ளைங்களுக்கு ஊட்டிவிட்ட."

"ஆமா."

"அப்பவே ரெண்டு போட்டாச்சா?"

"காலைல போட்டுட்டேன்."

அவர் தலையசைத்தார். விலை கேட்டுத் தெரிந்துகொண்டவர்போல. ஒரு வெடித்த பழத்தை எடுத்து, எந்தப் பக்கம் வைப்பது என்று மறந்ததுபோல் கையிலேயே வைத்திருந்தார். நான் எழுந்தேன். இதற்குமேல் நான் அங்கே இருப்பது அநாகரிகம் என்று தோன்றியது.

"நீ ஒக்காரு," என்றார் இயோலே, என்னைப் பார்க்காமல். "ஒனக்கு அப்புறம்."

உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை இழுத்து நெரியோவுக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

"நெரியோ. ஏழு வருஷம் சர்ச் வாசல்ல நீ தொப்பியக் கழட்டுவ. நான் அந்தப் பக்கம் திரும்பிப்பேன். பிள்ளைங்களையும் திருப்பிவிடுவேன்."

"விடு இயோலே."

"விட முடியாது. இப்ப நான் கேக்கணும்ல. நீ சொல்லு, மன்னிப்பியா?"

வாசகர்களே, நெரியோவின் பதிலை எழுத என்னால் முடியும். காதில் விழும் தூரத்தில்தான் இருந்தேன். ஆனால் ஒரு தாளில் இல்லாததைச் சேர்த்தவள் நான், என்னை நம்பாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது அவர் வலது கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

பிறகு இயோலே நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.