கலங்கல் வழி

"சர்க்கரை எல்லையில நிக்குது, தினமும் முக்கால் மணி நேரம் நடங்க" என்று கம்பெனி டாக்டர் சொன்ன பிறகுதான் லீலா நடக்க ஆரம்பித்தாள். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் அவள் லைன் லீடர். வீடு வல்லத்தில். மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடக்க முடியாது. அதனால் கம்பெனிச் சுவர்களுக்குப் பின்னால் புகுந்து, ஏரிக்கரை மேல் ஏறி, தைலமரத் தோப்பைச் சுற்றி வரும் ஒரு வழியை அவளே கண்டுபிடித்தாள்.

முதல் வருடம் தனியாக நடந்தாள். நாய் துரத்தியது, முள் ஏறியது, ஒருமுறை வழுக்கி விழுந்து முழங்கைத் தோல் பெயர்ந்தது. இரண்டாம் வருடம் அவள் லைனிலிருந்து நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் வருடம் ஞாயிறு காலைகளில் இருபது பேர் வந்தார்கள். அதற்கு 'லீலாக்கா ரூட்' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரை யாராவது சொல்லும்போது லீலா காதில் வாங்காதவள் போல் முன்னால் நடப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கு இனித்தது.

பெனிஷா திசையன்விளைப் பக்கத்துப் பெண். இருபத்து நாலு வயது. ஜூன் மாதம் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தாள். இரண்டாவது ஞாயிறே நடைக்கு வந்தவள், நடந்து முடித்ததும் போனை நீட்டினாள். அவர்கள் நடந்த வழி முழுவதும் அதில் நீலக்கோடாக ஓடியது.

"அக்கா, இதை மேப்ல ஏத்திரலாம். யாரு வேணும்னாலும் பாத்து நடக்கலாம்லா?"

"ஏத்து, ஏத்து. நல்லதுதானே" என்றாள் லீலா.

பெனிஷா அந்த ஒரு கோட்டோடு நிற்கவில்லை. நடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், உங்கள் தெருவுக்குப் பின்னால் நடக்கிற மாதிரி வழி உண்டா என்று கேட்டாள். சைக்கிள் ஓட்டும் இன்ஜினியர்கள் இரண்டு வழி அனுப்பினார்கள். பால்காரர் ஒன்று சொன்னார். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் தாயாரம்மாள், ஒரே மாலையில் ஏழு ஒற்றையடிப் பாதைகளைப் பேரோடு சொல்லிக் கொடுத்தாள். அந்த அம்மாளை லீலா மூன்று வருடமாகப் பார்க்கிறாள். ஒருநாளும் நின்று பேசியதில்லை.

தீபாவளிக்குள் பதினோரு வழிகள் சேர்ந்துவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்கள்கூட அதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எல்லோரும் அதை 'பெனிஷா மேப்' என்றார்கள். லீலாவின் வழி அதில் மூன்றாம் எண். அவ்வளவுதான். வெறும் மூன்று.

அவளது கணவன் சிவசங்கர் கம்பெனி வேன் ஓட்டுபவன். ஒருநாள் சாப்பிடும்போது அவனும் ஆரம்பித்தான்.

"உங்க கம்பெனிப் பொண்ணு மேப் போட்டு கீதாமே? வேன்ல வர்ற சூப்பர்வைசர் காட்னாரு. இங்கயே பொறந்தவனுக்குத் தெரியாத வழியெல்லாம் அதுல கீது. செம மூளை அந்தப் பொண்ணுக்கு."

"மூணு வருஷமா நான் நடந்துகினு கீறேனே, அப்ப இன்னா சொன்ன? வேலையத்தவன்னு சொன்ன."

"அதுக்கு இன்னாத்துக்குக் கோச்சிக்கிற?"

லீலா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அன்று முதல் பெனிஷாவின் ஒவ்வொன்றும் அவளுக்குக் குத்தியது. அந்த இழுத்துப் பேசும் பேச்சு, எல்லோரையும் நின்று விசாரிக்கும் விதம், மேனேஜரே கேன்டீனில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. தையலில் பிசிறு இருக்கிறதென்று பெனிஷா லீலாவின் லைனிலிருந்து நான்கு உறைகளைத் திருப்பி அனுப்பியபோது, அது நியாயம்தான் என்று தெரிந்தும், வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது.

நவம்பரில் நாலு நாள் அடைமழை பெய்து ஓய்ந்தது. செவ்வாய்க்கிழமை கேன்டீனில் பெனிஷா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, ஏரி நெறஞ்சா தண்ணி வழியுமே, அந்தக் கலங்கலைத் தாண்டி வல்லக்கோட்டை ரோட்டுக்கு ஒரு வழி போகுதாம். தாயாரம்மாவைக் கேக்கணும்னு பாத்தா, மழைனால ஆளையே காணோம். நீங்க நடந்திருப்பிய. மழைக்கப்புறம் போலாமா?"

லீலாவுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். கலங்கலுக்குக் கீழே சின்னத் தரைப்பாலம். அதில் இரண்டு பலகைக் கற்கள் விலகிக் கிடந்தன. தண்ணீர் ஓடும்போது ஆகாயத்தாமரை வந்து மூடிக்கொள்ளும், இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. முதல் வருடம் அவள் முழங்கைத் தோல் பெயர்ந்தது அங்கேதான்.

"தாராளமா போலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை அழைத்துப் போய் அவள் சேற்றில் நின்று விழிக்கட்டும். அவ்வளவுதான் லீலா நினைத்தது. கால் முறியட்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் முறியாது என்றும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நடைக்கு வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெனிஷாவின் செய்தி வந்தது. 'நாளைக்கு எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி கலங்கல் வழியை நான் இப்பவே ஒருதடவை நடந்து பாத்துட்டு வாரேன்.'

தனியாகப் போகிறாள். லீலா போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். இப்போது கூப்பிட்டு என்ன சொல்வது? அன்று பொய் சொன்னேன் என்றா? குழுவில் அதற்குள் பன்னிரண்டு பேர் பெனிஷாவுக்குக் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு மறுபடி கீரையை எடுத்தாள். கட்டு முழுவதும் ஆய்ந்து முடித்தாள். பிறகு திடீரென்று எழுந்து கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது.

ஸ்கூட்டியை ஏரிக்கரை அடியில் போட்டுவிட்டு ஓடினாள். தரைப்பாலத்தில் பெனிஷா இடுப்பளவு ஆகாயத்தாமரைக்குள் உட்கார்ந்திருந்தாள். வலது கால் கற்களுக்கு நடுவே சிக்கியிருந்தது. தாயாரம்மாள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் தொரட்டிக் கம்பைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தாள்.

"வாடி, இந்தப் பக்கம் புடி!" என்றாள்.

லீலா தண்ணீரில் இறங்கிக் கம்பைப் பிடித்து அழுத்தினாள். கல் அசைந்தது. பெனிஷா அலறிக்கொண்டே காலை உருவினாள். கணுக்கால் அதற்குள் வீங்கியிருந்தது. இருவரும் தூக்கிக் கரையில் உட்கார வைத்தார்கள்.

"யாரு உன்ன இப்டி வரச் சொன்னது?" என்று தாயாரம்மாள் திட்டினாள்.

"லீலாக்காதான் போலாம்னு சொன்னாவ."

தாயாரம்மாள் லீலாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா? ரெண்டு வருஷம் முன்ன இதே சந்துல நீ விழுந்து, ரத்தம் ஒழுக எந்திரிச்சிப் போனியே. ஆடு மேச்சிகினு நான் பாத்தேனே."

பெனிஷா அழுகையை நிறுத்தினாள்.

"தெரிஞ்சேதான் சொன்னியளா அக்கா?"

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாய் திறந்தாள். ஆனால் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"ஆமா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பில் கீறல் என்றார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. லீலா இரண்டு நாள் பழம் வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாளும் பெனிஷா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள்தான் கேட்டாள்.

"நான் உங்களுக்கு என்னக்கா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. எல்லாரும் உன் பேரச் சொன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிது."

"கேட்டிருந்தா மேப்ல உங்க பேரைப் போட்டிருப்பம்லா?"

"அது கேட்டு வாங்கறதாடி?"

பெனிஷா தலையணைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நடந்து பார்க்காத நான்கு வழிகள் அதில் எழுதியிருந்தன.

"என்னால நடக்க முடியாது. நீங்க நடந்து அனுப்புங்க. உங்களையும் தாயாரம்மாவையும் விட்டா இங்க யாருக்கும் ஏரிக்கரை தெரியாது. ஆனா உங்க வாய்வார்த்தையை இனி நம்ப மாட்டேன். வழி திரும்புற எடத்துல எல்லாம் போட்டோ வேணும். நான் மன்னிச்சிட்டேன்னும் நினைக்காதிய."

"நெனைக்கல."

அன்றிரவே லீலா குழுவில் நடந்ததை எழுதினாள். நாலு வரிதான். இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். மற்றவர்கள் பதில் போடவில்லை. அடுத்த ஞாயிறு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சிவசங்கர் மட்டும், "இன்னாத்துக்கு நீயே போய் மாட்டிகின?" என்றான்.

இப்போது ஷிப்ட் இல்லாத மாலைகளில் அவள் போனைக் கையில் பிடித்துத் தனியாக நடக்கிறாள். புரியாத இடத்தில் நின்று, ஆட்களைக் கேட்கிறாள். நேற்று ஏரியின் வடகரையில் ஒரு பெரியவரை நிறுத்தி வழி கேட்டபோது, "பெனிஷான்னு ஒரு பொண்ணு மேப் போடுதாமே, அதுக்காகவா?" என்றார். சுருக்கென்றது.

"ஆமாங்க, அதுக்குத்தான்" என்றாள்.

பிறகு அவர் காட்டிய திருப்பத்துக்குப் போய், கரை, மதகு, அப்பால் கம்பெனிச் சுவர் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் வந்தது.

'தெளிவா இல்ல. இன்னொன்னு எடுங்க.'

லீலா இரண்டடி பின்னால் போய் மறுபடி எடுத்தாள்.